புதையுண்ட ஆமையும் திரும்பி வந்த ஹேய்டூக்கும்

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் ஆபியின் கடைசி நாவல் ஓர் ஆமையின் அடக்கத்தோடு தொடங்குகிறது. பாலைநிலத்தில் ஒரு கிழ ஆமை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மண்வாரி இயந்திரம் ஒன்று வந்து, அது நின்ற தரையைப் புரட்டி, அதை உயிரோடு மண்ணுக்குள் தள்ளி மூடிவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது. நகைச்சுவை நாவல் என்று பெயர் வாங்கிய ஒரு புத்தகம், அதிலும் முதல் பாகத்தைப் படித்துச் சிரித்தவர்கள் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய புத்தகம், இப்படித் தொடங்குவதைப் பார்த்து எனக்கு முதல்முறை திகைப்பாகத்தான் இருந்தது.

‘ஹேய்டூக் லிவ்ஸ்!’ என்பது நாவலின் பெயர். ஹேய்டூக் உயிரோடிருக்கிறான் என்று பொருள். 1990ஆம் ஆண்டு அச்சில் வந்தது. ஆபி அதைப் பார்க்கவில்லை. 1989 மார்ச் 14 அன்று, 62ஆம் வயதில் இறந்துவிட்டார். நான் அரிசோனாவில் பீனிக்ஸ் நகரில் வேலை பார்த்த காலத்தில், முதல் பாகமான ‘தி மங்கி ரெஞ்ச் கேங்’ நாவலை இரண்டே இரவுகளில் படித்து முடித்த சூட்டோடு இதையும் எடுத்தேன். பாதியிலேயே சலிப்பு வந்து, எப்படியோ முடித்துவிட்டு, பழைய புகழை வைத்துப் பிழைக்கும் இரண்டாம் பாகம் என்று தீர்மானித்து அலமாரியில் வைத்துவிட்டேன். இந்த ஆண்டு மறுபடியும் படித்தபோது அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்று பட்டது. கட்டுக்கோப்பில் முதல் நாவலுக்கு இது ஈடாகாது என்பதை இப்போதும் சொல்வேன். ஆனால் முதல் நாவல் கேட்கத் துணியாத ஒரு கேள்வியை இது கேட்கிறது. முதல் நாவலில் இருப்பவர்கள் இழக்க எதுவும் இல்லாதவர்கள். இரண்டாம் நாவலில் அதே மனிதர்களுக்கு இழப்பதற்கு நிறைய வந்துவிட்டது. அப்படி வந்தபின் ஒருவர் தான் நேசித்த நிலத்துக்காக மறுபடியும் இரவில் எழுந்து போவாரா என்பதுதான் கேள்வி.

முதல் பாகத்தைப் படிக்காதவர்களுக்காக அந்த நால்வரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் ஹேய்டூக் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரன்; தூரத்தை மைல் கணக்கில் சொல்லாமல், வண்டி ஓட்டும்போது குடித்துத் தீர்க்கும் பீர்க் கட்டுகளின் கணக்கில் சொல்பவன். செல்டம் சீன் ஸ்மித், மூன்று மனைவியர் மூன்று ஊர்களில் இருப்பதால் எந்த வீட்டிலும் அரிதாகவே தென்படும், மார்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவன். கொலராடோ ஆற்றில் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்வது அவன் தொழில். டாக் சார்விஸ், ஆல்புகர்க்கி நகரத்து அறுவைச் சிகிச்சை மருத்துவர். நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகைகளை இரவில் எரித்துச் சாம்பலாக்குவது அவருக்கு மனத்தை ஆற்றும் பழக்கம். போனி ஆப்ஸக், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்து, அவரிடம் வேலைக்கு வந்து, அவருடனேயே வாழ்பவள். ஆற்றுப் பயணம் ஒன்றில் சந்திக்கும் இந்த நால்வரும், பாலைநிலத்தைக் குடைந்து சாலையும் சுரங்கமும் ரயில்பாதையும் போடும் இயந்திரங்களை ஒவ்வொன்றாக முடக்கத் தொடங்குகிறார்கள். மனித உயிருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி.

மங்கி ரெஞ்ச் என்பது தாடையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் பழைய வகை ஸ்பேனர். ஓடும் இயந்திரத்துக்குள் அதை எறிவது என்றால், நடக்கிற காரியத்தைக் கெடுப்பது என்று அமெரிக்கப் பேச்சில் பொருள். ஆபியின் நாவலுக்குப் பின், இயற்கையைக் காப்பதற்காக இயந்திரத்தை முடக்கும் செயலுக்கே அந்தச் சொல் வினைச்சொல்லாகிவிட்டது. தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடினால் ‘நாசவேலை’ என்பதுதான் கைக்கு வருகிறது. அந்தச் சொல் பொருளைச் சொல்வதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது என்பதால் அதை இங்கே பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எது நாசம் என்பதே அல்லவா இந்த நாவலின் வழக்கு?

அந்த வழக்கின் முதல் சாட்சி கிளென் கேன்யன் அணை. வடக்கு அரிசோனாவில், யூட்டா எல்லைக்கு மிக அருகில், கொலராடோ ஆற்றின் குறுக்கே 710 அடி உயரத்தில் நிற்கிறது. 1956இல் வேலை தொடங்கியது. அதே ஆண்டில்தான், வேறோர் இடத்தில் எக்கோ பார்க் அணையைத் தடுத்துவிட்ட மகிழ்ச்சியில், சியரா கிளப் உள்ளிட்ட இயற்கை ஆர்வலர்கள் கிளென் கேன்யனை எதிர்க்காமல் விட்டுக்கொடுத்தார்கள். சியரா கிளப்பின் செயல் இயக்குநராக இருந்த டேவிட் பிரவர் பின்னாளில் அந்த விட்டுக்கொடுப்பைத் தன் வாழ்நாள் துயரமாகச் சுமந்தார். 1963இல் மதகு மூடப்பட்டு நீர் ஏறத் தொடங்கியது. பவல் ஏரி என்று பெயரிடப்பட்ட அந்த நீர்த்தேக்கம் முழுதும் நிரம்ப 1980 வரை ஆனது. நிரம்பியபோது 186 மைல் நீளத்துக்குப் பள்ளத்தாக்குகளும் குகைத்தாழ்வாரங்களும் பழங்குடிகளின் கற்குடியிருப்புகளும் நீருக்குள் போயிருந்தன. அணை எழும்பிக்கொண்டிருந்த 1959இல், மூழ்கப்போகிறது என்று தெரிந்தே, ஆபி ஒரு நண்பருடன் சிறு ரப்பர் படகில் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கிப் போயிருக்கிறார். இந்த நாவல்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் அந்தப் பயணத்தைத்தான் காட்டுவேன். இறக்கப்போகிறவரின் கட்டிலருகே உட்கார்ந்து எழுந்து வந்தவருடைய கோபம் அது. செல்டம் சீன் ஸ்மித் அணையின் முன் மண்டியிட்டு, சின்னதாய்க் குறிபார்த்த ஒரு நிலநடுக்கத்தைத் தரும்படி கடவுளை வேண்டும் காட்சியில் வாய்விட்டுச் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்த மனிதன் வேண்டிக்கொள்வது தன் வாழ்வாதாரமாகவும் வழிபாட்டிடமாகவும் இருந்த ஒரு பள்ளத்தாக்கின் சமாதியின் மேல் நின்று என்பதை மறந்துவிடவும் முடியாது.

நான் அந்த இடத்துக்குப் போனது ஓர் அக்டோபர் மாதத்தில். அணைக்குச் சற்றுக் கீழே, ஆற்றுக்கு ஏறத்தாழ 700 அடி உயரத்தில் போகும் எஃகுப் பாலத்தின் நடைபாதையில் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் அணையின் வெண்ணிற வளைவு. மறுபக்கம் செம்பாறைச் சுவர்களுக்கிடையே பச்சையாக, மிகத் தெளிவாக, சில்லென்று போகும் ஆறு. அந்தத் தெளிவு என்னை முதலில் மயக்கிவிட்டது. கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறமானது என்று பொருள். தன் வண்டலைச் சுமந்துகொண்டு செம்மண் கரைசலாக ஓடிய ஆறு அது. வண்டல் முழுதும் அணைக்குப் பின்னால் படிந்துவிட, ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்துவிடப்படும் குளிர்நீர்தான் இப்படிப் பளிங்காகத் தெரிகிறது என்பதை அறிந்தபின் அந்த அழகைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஏரியின் பக்கம் திரும்பினால், பாறைச் சுவர்களில் நீர் வடிந்துபோன உயரம் வரை, சுண்ணாம்பு அடித்தாற்போல் அகன்ற வெள்ளைப் பட்டை. வறட்சியாலும் மிகையான பகிர்வாலும், 2023இன் தொடக்கத்தில் ஏரியின் கொள்ளளவில் கால் பங்குக்கும் குறைவான நீரே எஞ்சியிருந்தது. நீர் இறங்க இறங்க, மூழ்கிப்போன பக்கப் பள்ளத்தாக்குகள் மீண்டும் வெளிவந்து, வண்டல் மேட்டில் வில்லோ செடிகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கு முன்பே ஒருமுறை அணை ஆட்டம் கண்டது. 1983 கோடையில் மலைப்பனி எதிர்பாராத வேகத்தில் உருகி வந்தபோது, வெள்ளத்தை வடிக்கும் சுரங்கக் கால்வாய்களின் கான்கிரீட்டை நீரே பிய்த்தெறியத் தொடங்கியது. மதகுகளின் மேல் நான்கடி உயரத்துக்குப் பிளைவுட் பலகைகளை நிறுத்தி, பிறகு அவற்றை எஃகுத் தகடுகளாக மாற்றித்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். நாவலில் நால்வரும் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனதை, பனி உருகிய நீர் கிட்டத்தட்டச் செய்து முடித்திருக்கிறது.

இங்கே நான் மறைக்காமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேஜ் என்னும் அந்த அணையூருக்கு அருகில் நவாஹோ அனல்மின் நிலையம் இருந்தது. 775 அடி உயரமான மூன்று புகைபோக்கிகள். பிளாக் மேசா மேட்டுநிலத்தின் கயென்டா சுரங்கத்திலிருந்து 78 மைல் நீள மின்ரயில் பாதையில் அதற்கு நிலக்கரி வரும். முதல் நாவலில் நால்வரும் தாக்குவது இத்தகைய ரயிலைத்தான். அந்த நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பங்குதான் கொலராடோ ஆற்று நீரை மேடேற்றி, 336 மைல் கால்வாய் வழியாகப் பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுவந்தது. அதாவது, சமையலறைக் குழாயைத் திறந்து நான் குடித்த நீரில் அந்த அணையும் அந்த நிலக்கரியும் கலந்திருந்தன. 2019 நவம்பரில் நிலையம் மூடப்பட்டது. 2020 டிசம்பரில் புகைபோக்கிகளைத் தகர்த்தார்கள். அவை மளமளவென்று சரியும் காணொளியைப் பார்த்தபோது நாவலின் பக்கங்களே கண்முன் வந்தன. ஆனால் அதை வீழ்த்தியது விலை மலிந்த இயற்கை எரிவாயுவோடு போட்டிபோட முடியாத கணக்கு. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் நவாஹோ, ஹோபி பழங்குடி மக்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் நாவலுக்கு வருகிறேன். முதல் பாகத்தின் முடிவில் மற்ற மூவரும் பிடிபடுகிறார்கள். ஹேய்டூக் ஒரு மலை முகட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டதாக ஊர் நம்புகிறது. இரண்டாம் பாகத்தில் டாக் சார்விஸும் போனியும் மணம்புரிந்து, குழந்தை பெற்று, இன்னொரு குழந்தையையும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஸ்மித்துக்குத் தன் குடும்பங்களும் தொழிலும். மீண்டும் ஒரு குற்றத்தில் சிக்கினால் எல்லாம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த அமைதிக்குள் ஹேய்டூக் திரும்பி வருகிறான். அவன் மட்டும்தான் மாறவே இல்லை. அதே அழுக்கு, அதே கெட்ட வார்த்தை, அதே வெறி. முதல் வாசிப்பில் அவன் மாறாதிருப்பதை ஆபியின் கற்பனை வறட்சி என்று நினைத்தேன். இப்போது பார்க்கையில், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வாசலில் நிற்கும் போனியின் கண் வழியே அவன் காட்டப்படும்போதுதான் அந்த மாறாமை எவ்வளவு துயரமானது என்று தெரிகிறது. அவள் அவனை விரட்டவும் விரும்புகிறாள், அவனோடு கிளம்பவும் விரும்புகிறாள். நம்மில் பலருக்கு அப்படி ஒரு பழைய நண்பர் இருப்பார். கல்லூரி நாட்களில் ஒன்றாக ஊர்வலம் போய், நாம் வேலைக்கும் வீட்டுக் கடனுக்கும் போனபின்னும் அங்கேயே நின்றுவிட்டவர். அவர் வாசலில் வந்து நின்றால் நமக்கு முதலில் வருவது மகிழ்ச்சியா, அச்சமா?

ஆபி இதை எழுதிய சூழலும் அதுதான். 1982இல் கணையப் புற்றுநோய் என்று தவறாகக் கணிக்கப்பட்டு, ஆறு மாதமே ஆயுள் என்று மருத்துவர்களால் சொல்லப்பட்டவர் அவர். அந்தக் கணிப்பு பொய்த்தாலும் உடல்நலம் மீளவே இல்லை. அதன்பின் பிறந்த இரண்டு சிறு குழந்தைகள் வீட்டில் இருக்க, நேரம் குறைவு என்று தெரிந்துகொண்டு எழுதிய நாவல் இது. அவசரம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. செதுக்கப்படாத அத்தியாயங்களும், ஒரே கூச்சலாக நீளும் உரையாடல்களும், தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் கொச்சைச் சிரிப்பும் உண்டு.

எதிராளி ‘கோலியாத்’ என்னும் இயந்திரம். தன் எஃகுப் பாதங்களைத் தூக்கி வைத்து நடக்கும் ராட்சத டிராக்லைன், அதாவது கம்பிவடத்தில் வாளியை இழுத்து மண் அள்ளும் இயந்திரம். யுரேனியச் சுரங்கம் தோண்டுவதற்காகப் பாலைநிலத்தைக் கடந்து வருகிறது. மிகைக் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். ‘பிக் மஸ்கி’ என்ற பெயரில் ஒஹாயோ மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில் 1969 முதல் 1991 வரை அப்படியொரு டிராக்லைன் வேலை செய்தது. 13,000 டன்னுக்கு மேல் எடை. ஒரே வாரலில் 220 கன கெஜம் மண்ணை அள்ளும் அதன் வாளிக்குள் இரண்டு பேருந்துகளை நிறுத்தலாம். 1999இல் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். வாளி மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. இத்தகைய உருவத்தின் முன்னால் நான்கு நடுத்தர வயது மனிதர்களை நிறுத்தியதில்தான் ஆபியின் நகைச்சுவை உயிர் பெறுகிறது. கோலியாத் என்னவாகிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

அந்த இயந்திரத்தை இயக்குபவர்களின் தலைவர் பிஷப் லவ், முதல் நாவலிலும் நால்வரைத் துரத்தியவர். முதல் நாவலின் துரத்தலில் அவருக்கு மாரடைப்பு வரும்போது, தப்பிப் போய்க்கொண்டிருந்த டாக் சார்விஸ் நின்று, திரும்பி, தன்னைக் கைது செய்வார்கள் என்று தெரிந்தே சிகிச்சை செய்யப் போகிறார். இரண்டு நாவல்களிலும் சேர்த்து எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இயந்திரத்தை உடைப்பவன் மனிதனைக் காப்பாற்றுகிறான். உயிரற்ற பொருளின் மீது செய்வது வேறு, உயிரின் மீது செய்வது வேறு என்று ஆபி வெளியிலும் ஓயாமல் வாதிட்டார். மலையை உடைத்து ஆற்றைக் கொல்வதுதான் பயங்கரவாதம் என்பது அவர் கட்சி. அந்தக் கோடு வாழ்க்கையில் நாவலில் போல அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 1987இல் கலிபோர்னியாவின் மர அறுவை ஆலை ஒன்றில், மரத்துக்குள் யாரோ அடித்துவைத்திருந்த ஆணியில் அறுவைப்பட்டி மோதித் தெறித்து, 23 வயதுத் தொழிலாளியின் முகத்தைச் சிதைத்தது. ஆணி அடித்தவர் காடு காப்பவரா, வேறு யாருமா என்பது ஒருபோதும் நிறுவப்படவில்லை. ஆனாலும், கூலிக்கு மரம் அறுக்கும் அந்த இளைஞனின் முகத்தை மறந்துவிட்டு இந்த நாவல்களைக் கொண்டாட என்னால் முடியாது. 1990இல் ஜூடி பாரி போன்ற போராளிகள், மரம் வெட்டுவதைத் தடுக்க ஆணி அடிக்கும் முறையைப் பகிரங்கமாகக் கைவிட்டார்கள்.

ஆபியின் எழுத்து காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 1980இல் டேவ் ஃபோர்மனும் நண்பர்களும் ‘எர்த் ஃபர்ஸ்ட்!’ என்னும் இயற்கைக் காப்பு இயக்கத்தைத் தொடங்கியதற்கு முதல் நாவலும் ஒரு தூண்டுதல். 1981 மார்ச் 21 அன்று அவர்கள் கிளென் கேன்யன் அணையின் உச்சியிலிருந்து 300 அடி நீளக் கறுப்புப் பிளாஸ்டிக் சுருளை விரித்து விட்டார்கள். கீழிருந்து பார்த்தவர்களுக்கு அணை உச்சி முதல் விரிசல் விட்டதுபோல் தெரிந்தது. எந்தச் சேதமும் இல்லாமல், எல்லோரையும் சிரிக்கவைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட போராட்டம். ஆபி அன்று அங்கே நின்று பேசினார்.

இரண்டாம் நாவலுக்குள் அந்த இயக்கமே ஒரு பாத்திரமாக வருகிறது. வருடாந்திரக் கூடல், சண்டை சச்சரவு, பாட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த அழகி எரிகா, அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கும் மார்மன் இளைஞன், ஊடே புகுந்த உளவாளிகள் என்று ஒரு திருவிழாவே நடக்கிறது. 1987 முதல் அந்த இயக்கத்தைக் கடுமையாகத் தாக்கி வந்த சமூகச் சூழலியலாளர் முர்ரே புக்சின், பெர்னி மஷ்கின் என்ற பெயரில் மேடையேறிக் கேலிக்கு ஆளாகிறார். இந்தப் பகுதி எனக்கு உவப்பாக இல்லை. மனிதர்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பேசாமல் இயற்கையை மட்டும் பேச முடியாது என்று புக்சின் சொன்னது பதில் சொல்லப்பட வேண்டிய வாதம். கேலிச்சித்திரம் அதற்குப் பதிலாகாது. ஆனால் உளவாளிகள் விஷயத்தில் நாவல் நடப்பை முந்திக்கொண்டது. ஆபி இறந்து இரண்டரை மாதம் கழித்து, 1989 மே 30 இரவு, அரிசோனாப் பாலைவனத்தில் மின்கம்பக் கோபுரம் ஒன்றை அறுக்க முயன்றவர்களை எஃப்.பி.ஐ. சுற்றி வளைத்தது; உடன்வந்தவர்களில் ஒருவரே நெடுநாள் நண்பனாக நடித்த ரகசிய அதிகாரி. மறுநாள் காலையில் டேவ் ஃபோர்மன் டூசானில் தன் வீட்டில் கைதானார். சிரிப்பதற்காக எழுதப்பட்ட அத்தியாயங்கள், புத்தகம் வெளிவந்தபோது துக்கச் செய்தியின் வாசனையோடுதான் வாசகர்களின் கையில் சேர்ந்திருக்கும்.

பெண்களை ஆபி எழுதும் விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. போனிக்கு நாக்கும் அறிவும் கொடுத்தவர், எரிகாவைக் கண்ணுக்கு விருந்தாக மட்டுமே நிறுத்துகிறார். மெக்சிகோவிலிருந்து வரும் மக்களைப் பற்றிக் கட்டுரைகளில் அவர் எழுதியவை எனக்குக் கசப்பைத் தருகின்றன. ஒரு நாட்டில் வந்தேறியாக வேலை பார்த்துக்கொண்டே அவற்றைப் படித்தவன் நான். ஒருவர் பாறையையும் ஆமையையும் அவ்வளவு நுட்பமாகப் பார்த்துவிட்டு, எல்லையைத் தாண்டிவரும் மனிதனைப் பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. ஆளில்லாத வனாந்தரம் என்று அவர் கொண்டாடும் நிலம் ஆளில்லாததாக என்றுமே இருந்ததில்லை. 1944 முதல் 1986 வரை நவாஹோ நிலத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டியெடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட 500க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. 1979 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் கழிவுத் தேக்கம் உடைந்து, 9 கோடி கேலனுக்கு மேல் கதிரியக்க நீர் புவெர்கோ ஆற்றில் கலந்தது. ஆட்டு மந்தைகளை அந்த ஆற்றில் நீர் காட்டிக்கொண்டிருந்தவர்கள் நவாஹோ குடும்பங்கள். யுரேனியத்துக்கு எதிரான ஒரு நாவலில் இவர்கள் நடுநாயகமாக இருந்திருக்க வேண்டும், ஓரத்தில்தான் இருக்கிறார்கள். நாவலின் நால்வர் இரவில் செய்ததைவிட நிலைத்த காரியங்களை இம்மக்கள் பகலில் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நவாஹோ தேசம் 2005இல் தன் நிலத்தில் யுரேனியச் சுரங்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஹவசுபாய், ஹோபி உள்ளிட்ட பழங்குடிகளின் நீண்டகால வற்புறுத்தலுக்குப் பின், 2023 ஆகஸ்டில் கிராண்ட் கேன்யனைச் சுற்றி 9 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, புதிய சுரங்க உரிமைகள் அங்கே நிறுத்தப்பட்டன.

தனிமனிதரின் துணிவுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2008 டிசம்பரில், யூட்டாவில் எண்ணெய், எரிவாயுவுக்காக அரசு நிலங்களைக் குத்தகைக்கு விட்ட ஏலத்துக்குள் டிம் டிகிறிஸ்டோஃபர் என்னும் மாணவர் நுழைந்து, கையில் காசே இல்லாமல், ஏலப் பலகையைத் தூக்கிப் பிடித்து 22,500 ஏக்கரைச் சுமார் 18 லட்சம் டாலருக்குத் தன் பேரில் எடுத்துவிட்டார். இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு திருகாணிகூடக் கழற்றப்படவில்லை. ஹேய்டூக்கின் வாரிசு என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அவரைச் சொல்வேன். பதினோராம் வகுப்புப் பையன்போல் சிரிக்கவும் தெரிந்து, விளைவை ஏற்கவும் தெரிந்தவர்.

பாலை என்பது தனக்கென்று ஒரு நிலமில்லாதது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது கொள்ளும் வடிவம் என்று படித்து வளர்ந்தவன் நான். பிரிவுக்கும் வெம்மைக்கும் வழிப்பறிக்கும் உரிய இடம் அது. ஆபி எனக்குக் கற்றுத்தந்தது அதற்கு நேர்மாறானது: பாலை எதிலிருந்தும் கெட்டுப்போன வடிவமன்று, தனக்குத் தானே முழுமையானது, அங்கே குறையாக இருப்பது நீரன்று, அங்கு இருக்க வேண்டிய அளவு நீர் அங்கே இருக்கிறது என்பது. முதல் கோடையில் 115 டிகிரி பாரன்ஹீட் வெயிலில் வாகன நிறுத்தத்திலிருந்து அலுவலக வாசல் வரை ஓடிய எனக்கு, அதை நம்ப மூன்று ஆண்டுகள் பிடித்தன.

ஆபியின் அடக்கமும் அவர் எழுதிவைத்தபடியே நடந்தது. பெட்டி வேண்டாம், உடலைப் பதப்படுத்த வேண்டாம், அடக்கம் தொடர்பான அரசு விதிகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தூக்கப்பையில் சுற்றி, ஒரு பிக்கப் வண்டியின் பின்புறம் கிடத்தி, நண்பர்கள் அவரைத் தென்மேற்கு அரிசோனாவின் பாலைநிலத்துக்குக் கொண்டுபோய், யாருக்கும் சொல்லாத ஓர் இடத்தில் குழிதோண்டிப் புதைத்தார்கள். பெயரும் ஆண்டுகளும் செதுக்கிய கல்லில், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்ற பொருளில் இரண்டே சொற்கள். தன் கடைசி நாவலின் முதல் அத்தியாயத்தில் ஆமைக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஆமை கடைசி அத்தியாயத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வருகிறது. இதைச் சொல்வதால் கதை கெடாது. அது வரும் விதத்தை அவரவர் படித்தறிய வேண்டும்.

பாலைநில ஆமை மண்ணுக்குள் உயிரோடிருப்பது கதைக்காகச் சொன்னதன்று. தன் வாழ்நாளில் பெரும்பகுதியை, ஏறத்தாழ நூற்றில் 95 பங்கை, அது வளைக்குள்தான் கழிக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. மழைநாளில் குடித்த நீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்து மாதக்கணக்கில் அதை வைத்தே பிழைக்கிறது. நாவல் வெளியான அதே 1990இல்தான் மோஹாவிப் பாலை ஆமை அழிவை எதிர்நோக்கும் உயிரினமாக அமெரிக்க அரசால் பட்டியலிடப்பட்டது. 2011இல், கொலராடோ ஆற்றுக்கு மேற்கிலும் வடக்கிலும் வாழ்பவையும், கிழக்கிலும் தெற்கிலும் வாழ்பவையும் இரு வேறு இனங்கள் என்று அறிவியலாளர்கள் பிரித்தார்கள். அந்த ஆறுதான் இரண்டுக்கும் எல்லை.

டூசானுக்கு மேற்கே, ஜூலை மாதத்து மழை கொட்டி ஓய்ந்த ஒரு மாலையில், சாகுவாரோ கள்ளிகளுக்கிடையே போகும் மண்பாதையில் நான் ஒன்றைப் பார்த்தேன். கிரியோசோட் புதரின் மழைவாசனை காற்றில் அடர்ந்திருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய ஓடு. ஒவ்வொரு கட்டத்திலும் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் கோடுகள், முதுகின் நடுவில் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. முன்கால்கள் யானைக் குட்டியின் கால்கள்போலத் தடித்து, பட்டைபட்டையான செதில்களோடு இருந்தன. தூக்கினால் அச்சத்தில் சேமித்த நீரையெல்லாம் விட்டுவிடும், பிறகு தாகத்தில் செத்தும் போகலாம் என்று படித்திருந்ததால் நான் நான்கடி தள்ளியே குந்தினேன். பாதையில் தேங்கியிருந்த, உள்ளங்கை ஆழம்கூட இல்லாத செந்நிறக் குட்டையில் அது கழுத்தை நீட்டி, மூக்கு வரை முகத்தை அமிழ்த்தி, தொண்டை ஏறி இறங்க, கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. பதினைந்து நிமிடம் இருக்கலாம். பின்னால் ஒரு வண்டி வரும் ஓசை கேட்டதும் நான் எழுந்து, பாதையின் நடுவில் போய், கையை உயர்த்திக்கொண்டு நின்றேன்.